ஸ்டென்ட் கேட்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் பாதியிலேயே "சரிடா, பாப்போம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பட்டர்வொர்த் ஒட்டுக்கடைக் கூட்டாளிகளும் படிக்கட்டும், பாதிப் பேருக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் இருக்கிறதே.

தே தாரே கிளாஸ் இடது கையிலிருந்து நழுவியது, பத்து நிமிடத்தில் கை சரியானது, ஸ்கேனில் மூளையின் வலப்பக்க ரத்தக்குழாய் 75 சதவீதம் அடைத்திருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து நீங்கள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணனுக்கு நெஞ்சில வச்ச மாதிரி எனக்கும் ஒன்னு வச்சிடச் சொல்லு." அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பிவலைக் குழலைத்தான், ஸ்டென்ட்டைத்தான், கேட்கிறீர்கள்.

மாமா, நெஞ்சு வேறு, தலை வேறு. மூளைக்குள் ஓடும் குழாய்களின் சுவர் மெல்லியது, வளைவும் அதிகம். உள்ளே போகும் கம்பி கொஞ்சம் பிசகினாலும் ரத்தம் மூளையைச் சுற்றிக் கசியும். இன்னொன்று, அந்தக் குழாயிலிருந்து நூல் போன்ற கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. ஸ்டென்ட் விரியும்போது கொழுப்புப் படிவு ஒதுங்கி அந்தக் கிளைகளின் வாயை அடைத்துவிடலாம். சரிசெய்யப் போய்ப் பக்கவாதத்தை வாங்கிவந்த கதை ஆகிவிடும்.

இது என் பயம் மட்டுமில்லை. அமெரிக்காவில் சாம்ப்ரிஸ் என்று ஓர் ஆய்வு நடந்தது, 2011-இல் முடிவு வெளிவந்தது. எல்லாரும் உங்களைப் போல 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்கள். 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8. புதிதாக ஆள் சேர்ப்பதையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஸ்டென்ட் இல்லாமல் பலூனால் மட்டும் மெதுவாக விரித்துச் சீனாவில் நல்ல பலன் கண்டதாக 2024-இல் ஓர் ஆய்வு வந்தது, அதையும் டாக்டரிடம் கேட்போம். மருந்தை ஒழுங்காகப் போட்டும் மறுபடி பக்கவாதம் வந்தால் ஸ்டென்ட் பேச்சுக்கு இடமுண்டு.

ஆனால் மருந்து மட்டும் எடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முதல் 90 நாள் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து, கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், பிரஷரின் மேல் எண் 140-க்குக் கீழே, கெட்ட கொழுப்பு 1.8 mmol/L-க்குக் கீழே. நீங்களோ வயிறு எரிகிறது என்று குளோபிடோக்ரலை நீங்களாகவே நிறுத்தியிருக்கிறீர்கள். அத்தைதான் போட்டுக்கொடுத்தார், அவரைத் திட்ட வேண்டாம். வயிற்றுக்குத் தனி மாத்திரை இருக்கிறது. ஆனால் ஒமேப்ரசோலை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும்.

அடுத்த தேதிக்குக் கோலாலம்பூரிலிருந்து நானும் வருகிறேன். ஸ்கேன் சிடி, பிரஷர் எழுதும் நோட்டு, மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகள், மூன்றையும் எடுத்து வையுங்கள். அட்டைகளை எண்ணத்தான் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்