ஆசிரியர் இல்லாமலே பட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில் உயர்கல்வியின் டிஜிட்டல் புரட்சி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கட்டுரை முழுவதையும் குறை சொல்ல வரவில்லை. கிராமத்து மாணவர்கள்கூட இனி ஆசிரியரை எதிர்பார்க்காமல், வீட்டில் இருந்தபடியே ஒரே சொடுக்கில் ஐ.ஐ.டி. பாடத்தை முடித்துப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்ததே, அதுதான் உறுத்துகிறது. அந்தச் சொடுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கட்டுரையாளர் தெரிவித்தால், கல்லூரிகளில் ஸ்வயம் என்கிற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளத்துக்கான பொறுப்பைச் சுமக்கிற நாங்கள் எல்லோரும் அதை அழுத்திவிட்டு ஐந்து மணி பேருந்தைப் பிடித்துவிடுவோம்.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்கிற காணொளிப் பாடங்கள் நல்ல பாடங்கள். அவற்றை இப்போது வழங்குகிற, 2017 ஜூலையில் வந்த ஸ்வயம் தளமும் நல்ல ஏற்பாடு. அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கே சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. சேர்வதற்குக் காசு கிடையாது. மாணவர்களும் நாலைந்து பாடங்களில் சேர்ந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்துத் தனியாக ஒரு தேர்வுப் பதிவு உண்டு, அதற்கு என்பிடெல் பாடம் ஒன்றுக்கு 1000 ரூபாய் கட்ட வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம் என்பதை வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்வது யார் என்று நினைக்கிறீர்கள்? புதுமைப்பெண் திட்டத்தில் ஒரு மாணவிக்கு மாதம் வருவது 1000 ரூபாய். தேர்வுக் கட்டணமும் அதே 1000. இலவசக் கல்வி என்று எழுதுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

எந்த மின்னஞ்சலில் பாடத்தில் சேர்ந்தார்களோ அதே மின்னஞ்சலில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். அக்காள் கைபேசியில் ஒன்றும் தன் கைபேசியில் இன்னொன்றுமாகப் பதிந்தால் அசைன்மென்ட் மதிப்பெண் ஒரு பக்கமும் தேர்வு மதிப்பெண் ஒரு பக்கமுமாக நின்றுவிடும். இரண்டு பாடம் எடுப்பவர்கள் இரண்டின் தேர்வும் ஒரே வேளையில் விழுகிறதா என்று பார்ப்பதில்லை. விழுந்தால் ஒன்றைத்தான் எழுத முடியும். தேர்வு வீட்டில் நடப்பதும் இல்லை. அசல் அடையாள அட்டையோடு தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். பக்கத்து நகரத்து மையத்தில் இடம் நிரம்பிவிட்டால் அடுத்த மாவட்டத்துக்குப் போய்க் காலை ஒன்பது மணிக்கு உட்கார வேண்டும். வீட்டில் இருந்தபடியேவாம்.

மதிப்பெண் விதியைத்தான் யாருமே எழுத மாட்டேன் என்கிறார்கள். என்பிடெல் பாடங்களில் வாராந்தர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் 12 அசைன்மென்டில் சிறந்த 8இன் சராசரி. எட்டு வாரத்துக்குச் சிறந்த 6. நான்கு வாரத்துக்குச் சிறந்த 3. சான்றிதழ் வேண்டுமானால் 25க்கு 10, 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். பத்தும் முப்பதும் எடுத்து மொத்தம் 40 வாங்கியவருக்குச் சான்றிதழ் உண்டு. இருபத்தைந்துக்கு இருபத்தைந்தும் தேர்வில் இருபத்தொன்பதும் எடுத்து மொத்தம் 54 வாங்கியவருக்குக் கிடையாது. இந்த இரண்டாவது வகை அபூர்வம் என்று எண்ண வேண்டாம். அசைன்மென்ட் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் கெடுவுக்கு முன்பே வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து எழுதினால் இருபத்தைந்தும் கையில். பாடத்தை யாராவது கூட இருந்து சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த முப்பதும் வந்திருக்கும். அந்த 'யாராவது' யார் என்பதுதான் உங்கள் கட்டுரை வேண்டாம் என்று சொன்ன ஆள்.

சொல்லிக்கொடுப்பது என்றால் காணொளியை மறுபடி ஓட்டிக் காட்டுவது இல்லை. பாடங்களின் எழுத்து வடிவம் தளத்திலேயே கிடைக்கிறது. பலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு அரைமணி நேரக் காணொளியைவிட அதை அச்செடுத்துக் கொடுப்பது உதவும். கல்லூரி ஆய்வகத்தில் அந்த வாரக் காணொளிகளை இறக்கிப் பென் டிரைவில் கொடுத்தால் டேட்டா மிச்சம். ஒவ்வொரு வாரமும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, விடையை அல்ல, அந்த விடை ஏன் சரி என்பதைப் பேசினால் தேர்வில் முப்பதைத் தாண்டுகிறார்கள். தமிழில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு தடை, தேர்வுத் தாள் ஆங்கிலத்தில் இருப்பது. இதற்கெல்லாம் எந்தக் கால அட்டவணையிலும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. கூடுதல் பணி என்று பெயர்.

அடுத்தது பெயர். இது தங்களுக்குத் தெரியாததல்ல. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். மாணவர் தேறிய பாடங்களின் மதிப்பலகுகளை, அதாவது கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கிற இணையக் கணக்கான கிரெடிட் வங்கிக்குரிய 12 இலக்க எண்ணை டிஜிலாக்கர் வழியே ஆதாரை வைத்துத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், இன்னொருவருக்கு அப்பா பெயர் முழுதாக. பெயர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் கிரெடிட் கணக்கில் ஏறாது. ஓடிபி வருகிற எண்ணோ ஆதாருக்குக் கொடுத்த அப்பாவின் பழைய எண். அவர் திருப்பூரில் வேலையில் இருப்பார், அல்லது அந்த சிம்மே செத்திருக்கும். எனவே முதலில் ஆதாரில் கைபேசி எண்ணை மாற்று, பிறகு பெயரைத் திருத்து, அதன் பிறகு அந்த 12 இலக்க எண்ணை எடு என்று வரிசையாக நடத்திக் கொண்டுபோக வேண்டும். இறுதியாண்டில் தொடங்கினால் முடியாது. முதலாண்டுச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே பார்க்க வேண்டிய வேலை இது.

முடிவு வருவதிலும் ஒரு சிக்கல். ஏப்ரல் கடைசியில் தேர்வு எழுதினால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டால் அந்தப் பாடத்துக்கு நேரே அரியர்போல ஒரு குறி நிற்கும். அதைக் காட்டித்தான் பிள்ளை முதுகலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறுதிப் பருவத்தில் ஸ்வயம் பாடம் எடுக்காதே, ஐந்தாம் பருவத்தோடு முடித்துவிடு என்று சொன்னால் பாதி அழுகை குறையும். எந்த ஸ்வயம் பாடம் கல்லூரியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற அறிவிப்பும் பருவம் தொடங்கும் முன் வர வேண்டும். பல இடங்களில் அது பாதிப் பருவம் ஓடிய பிறகு வருகிறது.

நீங்கள் விரும்பாவிட்டாலும் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பகலில் பீடி சுற்றியவர்களும் கடையில் நின்றவர்களும் அதில் படித்துத்தான் பட்டம் வாங்கினார்கள். அதைத் 'தபால் டிகிரி' என்று துணுக்கு போட்டுச் சிரித்தவை பத்திரிகைகள்தாம். அதே தொலைதூரப் படிப்பு திரையில் வந்ததும் புரட்சியாகிவிட்டது. தொற்றுக் காலத்தில் ஏ4 தாளில் எழுதி, படம் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, நெட் கிடைக்க மொட்டை மாடி ஏறி அனுப்பிய பிள்ளைகளை 'கொரோனா பேட்ச்' என்று கேலி செய்ததற்கும் இதுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பருவத்தில் 40 விழுக்காடு பாடங்கள் வரை ஸ்வயம் வழியே எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. 2016 விதியில் அது 20தான். மாணவருக்குக் கொடுத்த அந்த வாய்ப்பை, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடவும் கௌரவ விரிவுரையாளரின் மணி நேரத்தை வெட்டவும் கிடைத்த அனுமதியாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'ஆசிரியரை எதிர்பார்க்காமல்' என்ற உங்கள் வரியை வெட்டி எடுத்து அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மேசைமேல் வைப்பார்கள்.

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. அந்த வழக்கம் தங்கள் இதழில் குறைவு என்பது தெரியும். ஜனவரியிலும் ஜூலையிலும் ராசிபலனுக்குக் கீழே கால் பக்கம் ஒதுக்கி, ஸ்வயம் தேர்வுப் பதிவின் கடைசித் தேதி, கட்டணம், பாதிக் கட்டணம் யாருக்கு, 10க்கும் 30க்குமான அந்த விதி ஆகியவற்றை மட்டும் அச்சிடுங்கள். தேதிகளைத் தளத்தில் பார்த்து எழுதினால் போதும். கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளர்,
விருதுநகர் மாவட்டம்.