கூட்டத்தைக் கூட்டிய அறிவிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா காலத்தில் மக்கள் கட்டுப்பாடுகளை மதிக்கவில்லை என்று இன்றும் பலர் குறை சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2020 மார்ச் 22 சுய ஊரடங்கு அன்று தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தனவே, யார் லத்தி எடுத்து விரட்டினார்கள்?

ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். இடையில் ஒரே ஒரு நாள். கோயம்பேட்டில் கூட்டம் முண்டியடித்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, காய்கறி வாங்க ஓடியவர்கள் மீதா தவறு? மே 5-இல் சந்தையை மூடினார்கள், சரி. ஆனால் மே 7-இல், கோயில்கள் பூட்டியிருக்கும்போதே, சென்னைக்கு வெளியே டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். அப்புறம் 'வீட்டிலேயே இருங்கள்' என்றால் யார் கேட்பார்கள்?

சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை ஜூலை 22 அன்று அரசே கணக்கில் சேர்த்தது. தாமதம்தான், ஆனாலும் மனதாரப் பாராட்டுகிறேன். இன்னொரு தொற்று வந்தால் மரணக் கணக்கை அன்றன்றே சொல்லுங்கள். கடைகளை மூடுவதற்கு முன் மக்களுக்குக் குறைந்தது மூன்று நாளாவது கொடுங்கள்.

- ஒரு வாசகி, தாம்பரம்