தருமபுரி மாதிரி ரயில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிறு தவறாமல் மாடி ஏறி வரும் உறுப்பினர்களுக்கும், சாப்பாட்டு மேசையைக் கூட நமக்கு விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் வணக்கம்.

வழக்கமாக ஆண்டறிக்கை சந்தா விவரத்தில் தொடங்கும். இந்த முறை ரயில் பெட்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு முழுக்க நாம் செய்தது பெட்டி வேலைதான். "எஞ்சின் வாங்கி ஓட்டியது போதும், ஆளுக்கு ஒரு பெட்டியாவது கையால் கட்டி முடிப்போம்" என்று சென்ற பொதுக்குழுவில் பேசி எழுந்தோம். பெரும்பாலோர் முடித்துவிட்டார்கள். முடிக்காதவர்களின் பெட்டிகளும் கூரை போடும் நிலையில் நிற்கின்றன.

கை பழகுவதற்கு முதலில் எடுத்தது பிரிட்டிஷ் நான்கு சக்கரப் பெட்டி. உறுப்பினர் ஒருவரின் மகள் இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்தபோது இரண்டு கிட், அதாவது துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் தொகுப்பு, கொண்டுவந்து கொடுத்தார். மரப்பெட்டிக் காலத்து வண்டி அது. ஒவ்வொரு கதவுக்கும் கீல், கைப்பிடி, மரச்சட்டம் எல்லாம் பிளாஸ்டிக்கில் அச்சிலேயே வார்த்திருக்கும். அங்கே இது பழைய கலை. ரோஸ்பட் என்ற பொம்மை நிறுவனம் கிட்மாஸ்டர் என்ற பெயரில் 1959-லேயே ரயில் கிட்களை விற்கத் தொடங்கியது. 1962-ல் அது ஏர்ஃபிக்ஸ் கைக்குப் போனது. அத்தனை வருடத் தேர்ச்சி, துண்டுகள் ஒன்றோடொன்று உட்காரும் விதத்தில் தெரிந்தது.

அந்த இரண்டு கிட்டில்தான் அடிப்படையைக் கற்றோம். துண்டுகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டைத் திருகி ஒடிக்கக் கூடாது; நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அச்சில் தடவிய எண்ணெய்ப் பசை மேல் பெயிண்ட் நிற்காது. ஒட்டும் திரவத்தைப் பசை என்று சொல்கிறோமே தவிர, அது பாலிஸ்டைரீனைக் கொஞ்சமாகக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும் கரைப்பான். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் மூட்டின் உள்பக்கம் ஒரு தொடு தொட்டால் போதும். மூட்டு முழுக்க அது தானே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் முறை அதைப் பார்த்த பத்தாம் வகுப்புப் பையன் "இன்னொரு தடவை" என்று கேட்டு, தேவையில்லாத இரண்டு துண்டுகளை ஒட்டிப் பார்த்தான். அதன் நெடி தலையைச் சுற்றவைக்கும் என்பதால், ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்ட பிறகுதான் பாட்டிலைத் திறப்பது என்று விதி வைத்திருக்கிறோம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

அப்புறம் நம் சொந்தப் பெட்டிக்கு வந்தோம். நீலநிற ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டி, 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; மாதிரி ரயில்காரர்கள் இதை எச்.ஓ. என்பார்கள். நாம் எல்லோரும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போய் வந்த பெட்டி. இதைக் கட்டிய ஐ.சி.எஃப்., அதாவது சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955-ல் தொடங்கியது. இந்த வகைப் பெட்டியின் கடைசி ஒன்று 2018 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறியது. அதன் இடத்தில் இப்போது வருவது எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டி. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து, படமெடுத்து, கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை.

ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஐயா இல்லாவிட்டால் இந்த வேலை பாதிதான் தேறியிருக்கும். நாம் பெட்டியையே போகி என்கிறோம். அவர் முதல் நாளே கிட்டின் சக்கரச் சட்டத்தைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இதுதான் போகி. மேலே இருப்பது கோச்" என்று ஆரம்பித்தார். இரண்டு போகிகளின் நடு மையத்துக்கு இடையே நிஜத்தில் 14,783 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் நம் மேசையில் 170 மி.மீ. கிட்டில் துளை எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்ட விட்டார். பெட்டியின் அடியில் எந்தப் பக்கம் பேட்டரிப் பெட்டி, எங்கே பிரேக் சிலிண்டர் என்று கிட்டின் வரைபடத்தைப் பார்க்காமலே சொன்னார். வேக்குவம் பிரேக் காலத்துப் பெட்டிக்குச் செங்காவி நிறம், ஏர் பிரேக் வந்த பிறகு நீலம் என்று அவர் சொன்னதும், செங்காவி அடிக்க ஆசைப்பட்ட இரண்டு பேர் பிரேக் குழாய்களையும் மாற்றிச் செய்தார்கள். யாரும் குனிந்து பார்க்காத இடம்தான். ஆனால் சரியாகச் செய்திருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும்.

எண் விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். பழைய ஐந்து இலக்க முறையில் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய ஆண்டு. கடைசி மூன்று அது என்ன வகை என்பதைச் சொல்லும். ஸ்லீப்பருக்கு 200-களும் 300-களும். 400-களும் 500-களும் முன்பதிவில்லாப் பெட்டிக்கு. நான் என் ஸ்லீப்பரில் 94452 என்று டிகால் (எண், எழுத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டி, வார்னிஷும் அடித்து, பெருமையாக மேசையில் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் உறுப்பினர் ஒருத்தி, "மாமா, இது ஜெனரல் பெட்டி நம்பர்" என்றாள். வார்னிஷைச் சுரண்டி எடுத்து 94252 ஆக்க இரண்டு ஞாயிறு ஆனது. டிகால் ஒட்டுவதற்கு முன் எல்லோரும் அவளிடம் காட்டிவிடுவது என்பது இப்போது நடைமுறை.

பட்ட அடிகளைச் சொல்லாவிட்டால் அறிக்கை முழுமையாகாது. மூன்று.

ஒன்று கண்ணாடி. ஜன்னலுக்கு வைக்கும் தெளிவான பிளாஸ்டிக்கை, சீக்கிரம் ஆகட்டும் என்று நொடியில் பிடிக்கும் பசையால் ஒட்டினோம். மறுநாள் காலை ஆறு பெட்டியின் ஜன்னலும் மார்கழிப் பனி படிந்தது போல வெளுத்துப்போயிருந்தன. அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்து உறைந்துவிடும். மூடிய பெட்டிக்குள் அது போக வழியும் இல்லை. கூரையைப் பிரித்து, எல்லாவற்றையும் பிடுங்கி, புதிதாக வெட்டி வைத்தோம். இப்போது கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான். ஒட்டும்போது பால் போல இருக்கும், காய்ந்தால் தெரியாது.

இரண்டாவது ஸ்ப்ரே பெயிண்ட். ஐப்பசி மழையில் மொட்டை மாடிக் கொட்டகையில் நின்று அடித்த நீலம், காயும்போதே சாம்பல் பூத்துவிட்டது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் லாக்கர் அப்படித்தான் வெளுக்கும். மாசி வரை பொறுத்திருந்து, தேய்த்து மறுபடி அடித்தோம். கூடவே இன்னொன்றும் புரிந்தது: பக்கச் சுவரைத் தட்டையாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். ஜன்னலைச் சுற்றிவரும் வெளிர்நீலப் பட்டைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவது, தட்டையில் பத்து நிமிட வேலை. பெட்டியாகக் கட்டிய பிறகு ஒரு சாயங்காலம் போய்விடும்.

மூன்றாவது, பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் முன்னால் ரயில் கவிழ்ந்தது. ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம். வளைவில் பெட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. காரணம் இரண்டு என்று பிறகு கண்டோம். நம் பெட்டி 245 மி.மீ. நீளம், பொம்மை ரயில் செட்டோடு வரும் சின்ன வளைவில் அதன் நடுப்பகுதி உள்ளே இழுக்க, முனைகள் வெளியே தள்ள, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் பக்கவாட்டில் இழுபட்டது. அதோடு பெட்டி காகிதம் போல லேசு. அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் கணக்குப்படி எச்.ஓ. பெட்டிக்கு ஒரு அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் வேண்டும். நம் பெட்டிக்கு அது ஏறக்குறைய 165 கிராம் வருகிறது. எல்லாம் மாட்டி நிறுத்துப் பார்த்தால் நம்முடையது 105-ஐத் தாண்டவில்லை. பைபாஸ் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் உறுப்பினர்தான் வழி சொன்னார். கார் சக்கரம் பேலன்ஸ் செய்ய ஒட்டும் 5 கிராம் எடைத் துண்டுகள், பன்னிரண்டு. இருக்கைகளுக்கு அடியில், தரையோடு தரையாக, இரண்டு போகிக்கும் சமமாக ஒட்டினோம். வளைவையும் பெரிதாக்கி, அச்சு முனைகள் சுழலும் இடத்தில் பித்தளைக் குமிழ் வைத்தோம். அடுத்த மாதம் அதே பள்ளியில் ஒன்பது பெட்டி மதியம் முழுக்கத் தடம் புரளாமல் ஓடியது. முதல் தடவை கைதட்டிச் சிரித்த பிள்ளைகளே இந்த முறை வரிசையில் நின்று சுவிட்சை இயக்கினார்கள்.

பெரம்பூர் சுற்றுலா பற்றிச் சுருக்கமாக: சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குப் பதினோரு பேர் போனோம். மற்றவர்கள் பெட்டி முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ள, நம் ஆட்கள் கூரை ஓரத்தையும் படிக்கட்டின் அடிப்பக்கத்தையும் படமெடுத்தார்கள். படங்கள் தலைவரிடம் உள்ளன.

இனி இந்த அறிக்கையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. ஆகவே நம் பெட்டி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கீழே காலைக் குறுக்கி வைத்து நிற்பது போல இருக்கும். இதை மாற்ற வேண்டும், சக்கரத்தையும் தண்டவாளத்தையும் நாமே செய்யலாம் என்று ஒரு பக்கம். வெளியூர் நண்பர்கள் கொண்டுவரும் எஞ்சின் நம் பாதையில் ஓட வேண்டாமா என்று இன்னொரு பக்கம். ஆறு கூட்டம் பேசி, 16.5-லேயே தொடர்வது என்று முடிவானது. எனக்கு அந்த முடிவில் வருத்தம்தான், ஆனால் ஏற்றுக்கொண்டேன்.

அந்த விவாதத்தின் நடுவில்தான் நம் பொருளாளர் வேறொரு கணக்குப் போட்டார். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு குறுகிய ரயில்பாதை வந்தது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. அதன் அகலம் இரண்டரை அடி, 762 மி.மீ. 87-ஆல் வகுங்கள்: 8.76. எச்.ஓ.வைவிடச் சிறிய 'N' என்ற அளவுக்கான தண்டவாளம் கடையில் கிடைக்கிறது, அதன் அகலம் 9 மி.மீ. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நம் ஊருக்கு முதலில் வந்த ரயில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன ரயில், அதுதான் நம் மேசைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. பொருளாளர் எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மொரப்பூர் சென்னை – சேலம் அகலப்பாதையில் இருக்கிறது. பெரிய வண்டியிலிருந்து இறங்கி, இந்தச் சின்ன வண்டியில் மாறி ஏறித்தான் அன்றைய மக்கள் தருமபுரி வந்தார்கள். தண்டவாளமும் நிலையமும் அமைக்க நாம் கட்டப்போகும் முதல் பலகையும் அதுவே: ஒரு பக்கம் 16.5, மறுபக்கம் 9, இரண்டும் ஒரே 1:87 அளவில். பெரிய பெட்டியும் சின்னப் பெட்டியும் அருகருகே நின்றால், அந்த இடமாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளுக்கு நாம் விளக்கவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி உறுப்பினர்கள் தங்கள் பாதையைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை 1905-ல் வந்தது, நம்முடையதைவிட ஒரு வருடம் மூத்தது. அதைப் பெயர்த்த பிறகு அந்த நகருக்கு ரயிலே வரவில்லை. மொரப்பூர் – தருமபுரிக்காவது புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பேசிப் பார்த்து, முதல் பலகை மொரப்பூர், இரண்டாவது கிருஷ்ணகிரி நிலையம் என்று ஒப்புக்கொண்டோம். சின்னப் பெட்டிகளை இரு ஊராரும் சேர்ந்தே கட்டுவார்கள்.

அதற்குக் கடையில் கிட் கிடையாது. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் வரைந்து, வெட்டி, சட்டம் சட்டமாக ஒட்டி நாமேதான் செய்ய வேண்டும். பிரிட்டிஷ் நான்கு சக்கரப் பெட்டியில் கதவும் கீலும் எப்படி வார்த்திருந்தார்கள் என்று பார்த்துப் பழகியது இங்கே கைகொடுக்கிறது. சோதனையாக ஒரு பக்கச் சுவர் தயாராகிவிட்டது. வெட்டியது என் பெட்டி எண்ணின் தவறைக் கண்டுபிடித்த அதே பெண். ஜன்னல் மூலைகளை முதலில் சிறு துரப்பணத்தால் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்குக் கத்தியை இழுத்திருக்கிறாள். அதனால் ஒரு மூலைகூடப் பிளக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மேசையில் வைத்திருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கொடுத்தால் 9 மி.மீ. தண்டவாளத்துக்கு ஆர்டர் போட்டுவிடலாம். வெளியூரிலிருந்து வாங்கிய ஒரு கிட் நசுங்கி வந்து, மாற்றித்தர விற்றவர்கள் மறுத்துவிட்டதால், இனிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மொரப்பூர், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் பக்கம் பழைய வீடுகளில் சொந்தக்காரர்கள் இருந்தால், அந்தச் சின்ன ரயிலின் புகைப்படம், பயணச்சீட்டு, ஒரு ஆணி என்றாலும் கேட்டுப் பாருங்கள். வாங்கி வர வேண்டாம். அங்கேயே அளந்து படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியட்டும்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மொரப்பூர்ப் பலகைக்கு மரம் அறுக்கிறோம். ரம்பம் இருப்பவர்கள் கொண்டுவரவும்.