ரேடியோ மாமாவின் பெட்டி மறுபடி பேசியது

சிங்கப்பூர்
12 அக்டோபர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அவள் குரலைப் பதிவு செய்து அனுப்பு. இங்கே எல்லாரும் சௌக்கியம். மூத்த பேரன் தேசிய சேவை முடித்து வந்துவிட்டான். அவன் அம்மாவுக்கு அடுப்படியை விட்டு நகர நேரமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செம்பவாங்கில் நம்ம ரேடியோ மாமாவின், அதுதான் அமெச்சூர் ரேடியோவில் பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்தவரின், வீட்டை விற்கிறார்கள். அத்தையும் போன பிறகு அந்த வீட்டில் தங்க ஆளில்லை. நவம்பர் கடைசியில் சாவியை ஒப்படைக்க வேண்டுமாம். மாமாவின் மகன் போன் பண்ணி, "அங்கிள், அப்பாவோட பெட்டியெல்லாம் ஸ்டோர் ரூம்ல அப்படியே கிடக்கு. பழைய சாமான் வாங்குற காராங் குனிக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை வந்து பாருங்க" என்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போனேன்.

மூலையில் எண்ணெய்த் துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் நின்று போனது. ஜான்சன் வைக்கிங் ரேஞ்சர்! நீயும் நானும் பள்ளிக்கூடச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோமே, அதே பெட்டி. அங்கிருந்த கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் காலி செய்த 1971 வாக்கில், நாடு திரும்பிய ஒருவரிடமிருந்து மாமா வாங்கியது. 1950களில் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து வசீக்கா ஊரில் செய்த டிரான்ஸ்மிட்டர். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு 6146 வால்வு. குரலைச் சுமக்க இரண்டு 1614 வால்வுகள். முகப்பில் மாமாவின் விரல் தேய்த்த இடத்தில் பெயின்ட் மங்கி இருக்கிறது.

என் வீட்டுக்குக் கொண்டுவர, டாக்சியில் ஏற்ற டிரைவரும் நானும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் இரும்பும் செம்பும்தானே.

உனக்குத் தெரியும், வருஷக்கணக்காகத் தூங்கிய வால்வு செட்டை நேரே கரண்டில் செருகினால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு அது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, அங்கே 117 வோல்ட், 60 சைக்கிள்; நம்மிடம் இருப்பது 230, 50 சைக்கிள். மின்னழுத்தத்தைக் குறைக்க ஸ்டெப்-டவுன் போடலாம், ஆனால் சைக்கிளை மாற்ற முடியாது. 50 சைக்கிளில் பழைய டிரான்ஸ்பார்மரின் இரும்பு காந்தத்தால் சீக்கிரம் திகட்டிப்போய்ச் சூடாகும். அதனால் 117க்குப் பதிலாக 110 மட்டும் கொடுக்கிறேன். மாமாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். ஸ்டெப்-டவுன் பெட்டியின் மேல் அவர் கையெழுத்தில் "110க்கு மேல் வேண்டாம்" என்று சிவப்பு மையில் ஒட்டியிருந்தது. எனக்கே எழுதி வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

பில்டர் கெபாசிட்டர்களை யோசிக்காமல் மாற்றிவிட்டேன். மெழுகுக் காகிதக் கெபாசிட்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நம்ம ஊர் ஈரத்துக்கு அவை எல்லாமே கசிய ஆரம்பித்திருந்தன. உதிரிகளுக்கு சிம் லிம் டவர் போனேன். அந்தக் காலத்தில் சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்த பாயிலிருந்து வால்வு பொறுக்குவோமே, அது 2017 ஜூலையோடு மூடிப் போனது. இப்போது அந்தப் பக்கம் நடந்தால் கண் தானாகவே தரையைத்தான் தேடுகிறது.

எனக்கு இருந்த பெரிய பயம், குரலை அலையில் ஏற்றும் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் மேல்தான். வால்வு கிடைக்கும், கெபாசிட்டர் கிடைக்கும். அது மட்டும் உள்ளே அறுந்திருந்தால் ஈடு கிடையாது. மீட்டரின் முனையை வைக்கும்போது கை நடுங்கியது. முள் நகர்ந்தது. இரண்டு பக்கச் சுற்றும் உயிரோடு இருந்தன. எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்துதான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் சூடான தூசி வாசனை. அப்புறம் வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறம் மெல்ல ஏறியது. ஆன்டெனாவுக்குப் பதிலாக, மாமா பலகையில் பொருத்தி வைத்திருந்த அந்தப் பழைய குண்டு பல்பை மாட்டினேன். டியூன் செய்து, வால்வின் பிளேட் கரண்ட் காட்டும் முள்ளைப் பள்ளத்துக்கு இறக்கி, லோடைக் கூட்டி, மறுபடி இறக்கி... கை மறக்கவே இல்லை. பல்பு எரிந்தது.

மைக்தான் ஊமையாகிப் போயிருந்தது. மாமாவின் அஸ்டாட்டிக் டி-104 நினைவிருக்கிறதா, குச்சி மிட்டாய் மாதிரி வட்டத் தலையோடு நிற்குமே? அதன் உள்ளே இருப்பது ரோஷெல் உப்புப் படிகம். ஈரமும் வெப்பமும் அதற்கு எமன். சிங்கப்பூரில் அது இத்தனை நாள் தாங்காதது ஆச்சரியமில்லை. தலைக்குள் சின்ன எலெக்ட்ரெட் மைக் ஒன்றை வைத்து, வெளியே தெரியாமல் மூடிவிட்டேன். பிறகு வாயைக் கிட்டே கொண்டுபோய் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பல்பு கூடுதலாகப் பளிச்சிட்டது. அது மட்டுமா? பெட்டிக்குள்ளிருந்து என் குரல் மெல்லிதாகத் திரும்பி வந்தது! மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் என் குரலோடு சேர்ந்து அதிர்கின்றன. "பெட்டிக்குள்ள ஆள் இருக்கு" என்று மாமா நம்மை ஏமாற்றினாரே, அந்த ஆள் இவர்தான்.

நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் இந்தப் பெட்டியின் ஏ.எம். முறை, அதாவது ஒரு அலையின் உயரத்தைக் குரலுக்கேற்பக் கூட்டிக் குறைத்து அனுப்புவது, ஒரு வீண் செலவு. முழு மாடுலேஷனிலும் மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைக் குரலைச் சுமக்கும் அந்த வெறும் அலை, கேரியரே, தின்றுவிடும். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. மீதிதான் குரல் இருக்கும் இரண்டு பக்கப் பட்டைகளுக்கு, அதுவும் இரண்டிலும் ஒரே செய்தி. இந்த ரேஞ்சருக்கு உள்ளே போவது 65 வாட். அதை முழுதாக மாடுலேட் செய்ய அதில் பாதி, 32 வாட் சுமார், குரல் சக்தியாகவே வேண்டும். கேரியரையும் ஒரு பட்டையையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும் சிங்கிள் சைட் பேண்ட் வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போனதில் தப்பே இல்லை. பலவீனமான சிக்னலில் அதுதான் ஜெயிக்கும், அகலத்திலும் பாதிதான் எடுக்கும்.

ஆனால் நண்பா, சைட் பேண்டில் கேட்கும் குரல் உன்னுடையது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அடித்தொண்டை போய்விடும், மேல் நுனியும் போய்விடும். டயல் கொஞ்சம் தள்ளினால் வாத்து கத்துகிற மாதிரி ஆகிவிடும். ஏ.எம்மில் கேரியரும் கூடவே வருவதால், கேட்கிற பக்கம் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு டயோடு போதும், குரல் அப்படியே பிரிந்து வரும். பேசாமல் இருக்கும்போதும் கேரியர் நிற்கிறது, இரைச்சல் அடங்கிவிடுகிறது. எதிர்முனையில் ஆள் மூச்சு விடுவது, நாற்காலி கிறீச்சிடுவது, வெளியே சேவல் கூவுவது எல்லாம் கேட்கும். மாமா பேசி முடித்து ஒரு கணம் சும்மா இருப்பாரே, அந்தச் சும்மாவும் காற்றில் போனது. அதைத்தான் நான் மறுபடி கேட்க ஆசைப்படுகிறேன், உன் குரலில்.

இனி ஆன்டெனா. என் அடுக்குமாடி வீட்டிலிருந்து வெளியே கம்பி நீட்ட வழியில்லை. சன்னலோரம் ஆன்டெனாவாக வைத்திருக்கும் ஒரு மீட்டர் செம்பு வளையத்தில்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். 7 மெகாஹெர்ட்ஸில் அதற்குக் கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. ரேஞ்சரின் கேரியர் சுமார் 40 வாட் என்றால், குரலின் உச்சத்தில் அது நான்கு மடங்கு, 160 வாட். அந்த நேரம் வளையத்தின் கெபாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். பேரப்பிள்ளைகள் நடமாடும் கூடத்தில் அதைச் செய்ய மாட்டேன்.

அதனால் மாமா வீட்டிலிருந்தே பேசப் போகிறேன். அங்கே கொல்லையில் அவருடைய டைபோல், இரண்டு பக்கமும் நீட்டிய கம்பி ஆன்டெனா, இன்னும் தொங்குகிறது! மாமரத்துக்கும் சமையலறைக் கூரைக் கம்பத்துக்கும் நடுவே. ஒரு பக்கக் கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். செம்பு பச்சை பிடித்திருக்கிறது, ஆனால் அறுந்து போகவில்லை. வீடு கைமாறும் வரை ஞாயிற்றுக்கிழமை வந்து போகச் சொல்லிச் சாவி ஒன்றை மகன் என்னிடமே கொடுத்துவிட்டான். நல்ல பிள்ளை, அப்பாவைப் போல.

உன் பக்கம் இன்னும் சுலபம். ஈப்போவில் உன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை நிற்கிறதே, அது போதும். கம்பியின் நீளம் பக்கத்துக்கு 10 மீட்டர், மொத்தம் 20. உயரத்துக்கு ஆசைப்படாதே, 6, 7 மீட்டர் போதும், ஏணி ஏறாமல் ஆள் வைத்துக் கட்டு. தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய், வானத்து அயனோஸ்பியர் அடுக்கில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றிலும் இறங்கும். நமக்குள் இருப்பது 470 கிலோமீட்டர் சுமார். அந்தத் தூரத்துக்கு இதுதான் சரியான வழி. உங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலைகள் குறுக்கே நின்றாலும், தலைக்கு மேலிருந்து வருவதை அவை என்ன செய்ய முடியும்?

உன் புது செட்டில் ஏ.எம். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். அது 100 வாட் செட் என்பதால் கேரியரை 25 வாட்டுக்கு மேல் வைக்காதே. உச்சத்துக்கு இடம் வேண்டும். குரலை அழுத்தித் தூக்கும் ஸ்பீச் பிராசஸரை அணைத்துவிடு. பில்டரை 6 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் திற.

நாம் பேசும் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. நண்பகல் வேண்டாம், அயனோஸ்பியரின் கீழ் அடுக்கு அலையை உறிஞ்சிவிடும். பிற்பகல் இந்த மாதத்தில் தினமும் இடி மின்னல், ஏ.எம்மில் ஒன்றும் காதில் விழாது. தீபாவளி வேலைகளுக்கு நடுவே முடியாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு. ஆனால் நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கு மேல் போகாது. 30ஆம் தேதிக்கு முன் கம்பியை நானே இறக்கிச் சுருட்டி எடுத்து வர வேண்டும். வாங்குகிறவர்கள் மாமரத்தை வைத்துக்கொள்வார்களா என்று மகனுக்கும் தெரியவில்லை.

7.150 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, காலியாக இருக்கும் இடத்தில் என் கேரியர் நிற்கும். முதலில் பேச மாட்டேன். மாமா செய்வாரே, அரை நிமிடம் கேரியரை மட்டும் விட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பாரே, அப்படித்தான் நானும் ஆரம்பிப்பேன். பேத்தியையும் மடியில் வைத்துக்கொள்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

நம்ம ரேடியோ பாஷையில் வாழ்த்துகள், 73

உன் அன்பு நண்பன்