பெர்க்லி படகுத்துறை நண்பர்களுக்கு நன்றி

அன்புள்ள கேல் செய்லிங் கிளப் நண்பர்களுக்கு,

இந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு திருச்சிக்கே திரும்புகிறோம். உங்களில் பலரிடம் நேரில் விடைபெற்றாகிவிட்டது. ஆனாலும் தமிழில் ஒரு மடல் எழுதாமல் கிளம்ப மனம் வரவில்லை. பெர்க்லி மெரினாவில் இப்படி ஒரு பாய்மரப் படகு கிளப் இருப்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் (பே ஏரியா) உள்ள நம்மவர்கள் பலருக்குத் தெரியாது, அவர்களும் படிக்கட்டும்.

பாய்மரப் படகு என்றாலே வசதியானவர்கள் விஷயம் என்று நினைத்திருந்தோம். இங்கே யாரும் படகு வாங்க வேண்டியதில்லை. எல்லாப் படகும் கிளப்புக்குப் பொது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் சந்தாவிலேயே பாடமும் அடக்கம், படகும் அடக்கம். சொல்லித் தருபவர்கள் எல்லாம் நம்மைப் போன்ற உறுப்பினர்கள்தான், சம்பளம் கிடையாது. பதிலுக்கு ஒவ்வொருவரும் கிளப்புக்காகச் சில மணி நேரம் உழைக்க வேண்டும்.

பொதுப் படகு அடிபடாமல் இருக்காது. கற்றுக்கொள்பவர்கள் கையில் அது துறையில் மோதிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய வாராவாரம் வரும் பெரியவருக்குத்தான் என் முதல் நன்றி. விரிசலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். ஃபைபர் துணியைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி, ரெசின் என்ற பிசினில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். அப்புறம் பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார். ஒரு குமிழி தங்கினாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அந்தப் படகில் அடுத்து ஏறப்போவது யாரென்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒருவருக்காக அவ்வளவு கவனம்! பக்கத்தில் நின்று துணி வெட்டிக் கொடுத்த மதியங்களை நான் மறக்க மாட்டேன்.

கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடேற ஏற, கடலின் குளிர்காற்று கோல்டன் கேட் நீரிணை வழியாக வளைகுடாவுக்குள் பாயும். அதற்கு நேர் எதிர்க்கரையில் பெர்க்லி. பிற்பகலில் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) காற்று அங்கே சர்வசாதாரணம். அப்படி ஒரு மதியம் படகு கவிழ்ந்தபோது, என்னோடு தண்ணீரில் மிதந்துகொண்டே பதற்றமில்லாமல் வழி சொன்ன ஆசிரியைக்கு நன்றி. சென்டர்போர்டில் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) ஏறி நில், பின்னால் சாய், பாயிலிருந்து தண்ணீர் வழியும் வரை பொறு. படகு மெல்ல நிமிர்ந்தது. 1920களில் கட்டிய பழைய படகுத்துறைப் பாலத்தின் இடிந்த தூண்கள் வளைகுடாவுக்குள் வெகுதூரம் நீண்டு கிடக்கின்றன. தனியாகப் போக அனுமதிக்கும் முன், காற்று எந்தப் பக்கம் அடித்தால் அந்தத் தூண்கள் பக்கம் தள்ளும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டியவரும் அவர்தான்.

என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது, காற்று குறைந்த ஒரு காலைநேரம் பார்த்துப் பெரிய படகில் கூட்டிப்போனீர்கள். புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட், அதற்கு மேல் யாரோ கொடுத்த கம்பளி. சுக்கானைப் பிடிக்கச் சொன்னதும் முதலில் மறுத்தவர், பிறகு கரை சேரும்வரை விடவே இல்லை! ஆங்கிலம் தெரியாத அவரைக் கரையிலும் ஓரமாக உட்காரவிடாமல் சமையலில் சேர்த்துக்கொண்டீர்களே, அதற்குத் தனி நன்றி.

வளைகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். தனியாக ஓட்டத் தெரியாதவர்களையும் விட்டுவிடாமல் ஓட்டத் தெரிந்தவர்களின் படகுகளில் சேர்த்துக்கொண்டீர்கள். தீவின் அயாலா கோவ் என்ற சிறு குடாவில் எல்லாரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டோம். என் புளியோதரைப் பாத்திரம்தான் முதலில் காலி. பிறகு பழைய குடியேற்ற நிலையம் வரை நடை. 1910 முதல் 1940 வரை ஆசியாவிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்து விசாரித்த இடம். இந்தியர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். மரச்சுவரில் சீனர்கள் செதுக்கிய கவிதைகளை நம் சீன நண்பர் வரிவரியாகப் பொருள் சொன்னார். விசாவோடு விமானத்தில் வந்திறங்கிய எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. அவர் அவசரப்படுத்தாமல் கூடவே நின்றார். அவருக்கும் நன்றி.

என் வெட்சூட்டை (குளிர்நீரில் அணியும் உடை) கிளப்பிலேயே விட்டுப்போகிறேன், பொருந்துபவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் நண்பர்களே, கிளப்பின் ஓப்பன் ஹவுஸ் நாட்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படகில் போய் வரலாம். குளிராடை ஒன்று எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள்.

அன்புடன்,
திருச்சிக்குக் கிளம்பும் உங்கள் தோழி