பழைய கிளைடரின் எயார் பிரேக் திருத்த வேலை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

இரத்மலானைக் கொட்டகையில் நிற்கும் எங்கள் கே 13 கிளைடரின் எயார் பிரேக்குகளை, அதாவது காற்றைத் தடுத்துக் கிளைடரை இறங்க வைக்கும் இறக்கைத் தகடுகளை, இரண்டு இறக்கைகளிலிருந்தும் முழுமையாகக் கழற்றித் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு 7 இலட்சம் ரூபா வேண்டும். அங்கத்தவர்கள் தங்களுக்குள் சேர்த்தது 2 இலட்சம். மிகுதி 5 இலட்சத்துக்காக உங்களிடம் வருகிறோம்.

கிளைடரை நேரில் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். இது எஞ்சின் இல்லாத விமானம். கே 13, ஜெர்மனியின் ஷ்லைகர் நிறுவனம் கட்டியது, ருடோல்ஃப் கைசர் வடிவமைத்தது, 1966இல் முதன்முதலாகப் பறந்தது. பழகுபவர் முன்னாலும் பழக்குபவர் பின்னாலும் இருப்பார்கள். இறக்கை மரம், நுனிக்கு நுனி 16 மீற்றர். உடல் உருக்குக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி. எங்களுடையது வெளிநாட்டில் ஓய்வு பெற்று, கொள்கலனில் ஏறிக் கொழும்புக்கு வந்தது. அது இனிப் பறக்காது. பறக்கும் அனுமதியை நாங்கள் கேட்கப்போவதுமில்லை. சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து, விமானப் பராமரிப்பின் அரிச்சுவடியை அதில் தமிழில் படிக்கிறார்கள்.

"பறக்காத கிளைடருக்குப் பிரேக் எதற்கு? பெயின்ட் அடித்து வைத்தால் போதாதா?" என்று நல்ல மனதோடு கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காசு கேட்பது முறையல்ல.

கே 13 ஒரு மீற்றர் கீழே இறங்குவதற்குள் ஏறக்குறைய 27 மீற்றர் முன்னே போய்விடும். காற்றில்லாத நாளொன்றில் இரத்மலானைக்கு மேலே 300 மீற்றர் உயரத்தில் விட்டால் வெள்ளவத்தை வரை மிதந்து வந்து சேரும். மேலே இருக்கும்போது அது வரம். தரையிறங்கும்போது அதுவே சிக்கல்: ஓடுபாதை முடிந்தாலும் கிளைடர் இறங்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். எயார் பிரேக்கின் வேலை இங்கேதான். விமானி நீலப் பிடியைப் பின்னால் இழுக்க, இறக்கையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் தகடுகள் செங்குத்தாக எழும்பும். அந்த இடத்தில் இறக்கையின் தூக்குவிசை கெடும், காற்றுத்தடை கூடும், கிளைடர் கூடிய சரிவில் இறங்கத் தொடங்கும். பாதையைத் தாண்டிவிடும்போல் இருந்தால் இன்னும் திறக்கலாம், எட்டாது என்றால் மூடலாம். எஞ்சின் உள்ள விமானத்தில், எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டில் செய்யும் வேலையில் பாதியை இங்கே இந்தப் பிடி செய்கிறது. 1930களில் ஜெர்மனியில் இவ்வகைப் பிரேக்குகள் உருவானபோது வேறொரு தேவையும் இருந்தது. மேகத்துக்குள் நிலை தடுமாறிய கிளைடர்கள் வேகம் கட்டுமீறி இறக்கை முறிந்து விழுந்துகொண்டிருந்தன. தலைகீழாகப் பாய்ந்தாலும் வேகத்தைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டியிருந்தது.

மூடியிருக்கும்போது அது மூடியே இருக்க வேண்டும் என்பதும் அவ்வளவு முக்கியம். பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் உறிஞ்சல் உண்டு. பூட்டாத பிரேக்கை அது தானாகவே மேலே இழுத்துத் திறந்துவிடும். கம்பியை மடக்கி அழுத்திப் பூட்டும் அச்சாறு போத்தல் மூடியைப் போலத்தான் இதன் பூட்டும்: நெம்பு நடுப்புள்ளியைத் தாண்டி 'டக்' என்று விழுந்தால், பிறகு உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. பூட்டாமல் புறப்பட்டு, மேலேறும்போது பிரேக் திறந்து, காரணம் விளங்காமலே விழுந்த கிளைடர்கள் உலகில் பல. அதனால்தான் புறப்படும் முன்னர் செய்யும் சோதனைகளில் பிரேக்குக்கென்று தனி இடம் இருக்கிறது.

எங்கள் கிளைடரில் அந்தப் பூட்டுத்தான் தளர்ந்திருக்கிறது. ஒரு பிள்ளை உள்ளே இருந்து நீலப் பிடியை மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுத்தாள். இறக்கைக்கு ஒருவராக இருவர் வெளியே நின்று பார்த்தார்கள். இடப்பக்கத் தகடு விரற்கடை உயரம் எழும்பிய பிறகே வலப்பக்கத் தகடு அசைந்தது. இரண்டும் ஒன்றாக எழும்ப வேண்டும், ஒன்றாகப் பூட்ட வேண்டும். அடுத்து, பிடியில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி, பூட்டை விடுவிக்க எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அளந்தார்கள். கைநூல் கேட்கும் அளவைவிட மிகக் குறைவு. பிடியின் அசைவை இறக்கைக்குக் கொண்டுபோகும் தள்ளுகம்பிகளின் மூட்டுகளில் உள்ள புஷ்கள், அதாவது மூட்டு ஆடாமல் பிடிக்கும் சிறு வளையங்கள், தேய்ந்திருக்கின்றன. மூட்டுக்கு மூட்டு சிறிது ஆட்டம். எல்லாம் சேர்ந்து இறக்கைக்குப் போய்ச் சேரும்போது பெரிய பிழையாகிறது.

அதைவிடக் கவலை தருவது மரம். பிரேக் தகடுகள் மடங்கிக் கிடக்கும் பெட்டியின் அடியில், தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறது. முன்பு எப்போதோ வேலை செய்த ஒருவர் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டார். மறுபக்கத்துத் துளையைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. பல் வைத்தியர் பாவிக்கும் சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தோம். பிளைவுட் கறுத்திருந்தது. குத்தூசியால் தொட்டால் இறங்குகிறது. எங்கள் கொட்டகையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றும் ஈரமும் மரத்தையும் பசையையும் உருக்கையும் ஒரே நேரத்தில் தின்கின்றன; போல்ட்டுகளில் கறள் ஏறியிருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறோம். இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை கட்டுநாயக்காவிலோ வளைகுடாவிலோ ஆட்கள் ஏறும் விமானங்களில் ஸ்பனர் பிடிக்கப் போகிறவர்கள். ஆட்டமுள்ள மூட்டை "பரவாயில்லை" என்று விட்டுவிடும் பழக்கம் இங்கே வந்தால் அங்கேயும் கூடவே போகும். பறக்காது என்று தெரிந்தும், பறக்கப்போவதைப் போலவே ஒரு வேலையைச் செய்து முடித்து, அளந்து, எழுதி, இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்துக் கையொப்பம் வாங்கும் பிள்ளையை நம்பி எந்த விமானத்தையும் ஒப்படைக்கலாம். எங்கள் வகுப்பின் நோக்கமே இதுதான். ஆகவே மேலே பூசி மறைக்கும் வேலையை இந்தக் குழு செய்யாது.

செலவில் பெரும்பகுதி வெளியே போகிறது. வாகன உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தையில் வாங்கிவிடலாம், ஆணியும் அரமும் பழைய சோனகத் தெருவில் எடுக்கலாம். ஆனால் விமானத் தரப் பேர்ச் மரப் பிளைவுட், அதற்குரிய பசை, எங்கே எந்த உருக்கில் செய்தது என்று பத்திரத்தோடு வரும் போல்ட்டுகள் ஆகியவற்றை ஐரோப்பாவிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். 2022க்கு முன் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் அதன் பிறகு பெருமளவு ஏறிவிட்டது. பொருள், கப்பற்கூலி, சுங்கம் சேர்த்து ஐந்தேகால் இலட்சம். புஷ்களைக் கடைந்தெடுக்கும் லேத் கூலி, இறக்கைகளைக் கழற்றி வைக்கும் தாங்கிகள், கொட்டகையின் ஈரத்தைக் குறைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு மிகுதி. கற்பிப்பவர்கள் எவரும் சம்பளம் எடுப்பதில்லை.

காலம் பற்றியும் ஒரு சொல். ஈரக் காற்றில் மரத்தை ஒட்டக் கூடாது. கொழும்பில் ஓரளவு உலர்ந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான். பொருட்கள் அதற்குள் கையில் இருக்க வேண்டுமானால் நவம்பர் முடிவதற்குள் காசைக் கட்டியாக வேண்டும். தவறினால் ஓராண்டு போய்விடும். அந்தப் பிளைவுட் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது.

கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கும் கேட்காமலே கொடுக்கிறவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். இதையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாயும் எங்களுக்குப் பெரிது. காசாகத் தர இயலாதவர்களில் லேத் வேலை தெரிந்தவர்கள், மரவேலை தெரிந்தவர்கள், விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருந்தால் ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். புலம்பெயர்ந்து ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் மூலம் பொருளை நேரே வாங்கி அனுப்பக்கூடியவர்கள், முதலில் எங்களோடு பேசிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறான தடிப்பில் வரும் பிளைவுட் பயன்படாது.

ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு மாதந்தோறும் கொட்டகை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். மிஞ்சும் காசு வேறெதற்கும் போகாது. உடற்துணி மாற்றும் வேலைக்காக அதே கணக்கில் இருக்கும். சனிக்கிழமை காலை வேளையில் வந்தால், கறுத்த பிளைவுட்டையும் தேய்ந்த புஷ்களையும் பிள்ளைகளே உங்களுக்குக் காட்டுவார்கள். பார்த்துவிட்டுத் தருவதானால் எங்களுக்கு இன்னும் மகிழ்ச்சி. பணத்தைக் குழுப் பொருளாளரிடம் நேரிலோ, அவர் தரும் வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம்.

இப்படிக்கு,
கிளைடர் பராமரிப்புக் குழு,
கொழும்பு