தார் பாலைவனத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

ஜெய்சல்மேர், பார்மேர் பக்கத்துத் தாணிகள் எனும் சிறு குடியிருப்புகளில் வாழும் பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

கல்கௌதாரி எனும் பாலைநிலப் பறவைகளைக் கணக்கெடுக்க ஏற்ற இடங்களைத் தேர்ந்தாயிற்று. இந்த மடலின் இந்திப் படி உங்கள் பள்ளி ஆசிரியரிடம் வந்து சேரும். தமிழிலும் எழுதுவது, நீங்கள் செய்ததை என் ஊர்க்காரர்களும் அறியட்டும் என்றுதான்.

முதல் நன்றி ஆடு மேய்ப்பவர்களுக்கு. பாலைவன தேசியப் பூங்கா மட்டுமே 3162 சதுர கிலோமீட்டர். அதற்கு வெளியேயும் அதே மணல், அதே சேவண் புல். எங்கே உட்கார்ந்து எண்ணுவது? கல்கௌதாரி காய்ந்த விதைகளைத் தின்று வாழ்கிறது. அதில் ஈரம் ஏது? ஆகவே நீர்நிலையைத் தேடி வந்தே தீரும். வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் தோபாவின் (மழைநீர் தேங்கும் குட்டையின்) கரையில் காத்திருந்தால் கூட்டம் கூட்டமாக இறங்கும். குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் பறவை வயிற்றுச் சிறகுகளை நனைத்து அந்த ஈரத்தைக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். எந்தத் தோபாவில் மழை நீர் தேங்கும் என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டிவிடும். எது கடுங்கோடையான ஜேட் மாதம் வரை தாங்கும், எதன் கரையில் நாய்கள் படுத்துக் கிடக்கும், எதில் ஆடுகள் காலையிலேயே இறங்கிப் பறவைகளை விரட்டும் என்பதெல்லாம் உங்கள் நாவில்தான் இருந்தது. காகாசா (சித்தப்பா), மணலில் கைத்தடியால் நீங்கள் கீறிக் காட்டியதை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறேன். எங்கள் கள வரைபடத்துக்கு அதுதான் மூலம்.

ஓரண்கள் எனும் கோயில் காடுகளைக் காத்து வருபவர்களுக்கு அடுத்த நன்றி. தெய்வத்துக்கு விட்ட நிலத்தில் கிளை ஒடிக்கக்கூடாது, முளைக்குச்சி அடிக்கக்கூடாது என்றீர்கள். அதனால் கற்களை அடுக்கி எல்லை குறித்துக்கொண்டோம். அந்தக் கட்டுப்பாட்டால்தான் கேஜ்ரி மரங்களும் புல்லும் இன்னும் அங்கே நிற்கின்றன. பறவை ஆய்வுக்கு அதைவிட நல்ல நிலம் வேறெங்கே கிடைக்கும்?

வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது தனி. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாத ஊரில், மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியான டாங்காவிலிருந்து அளந்து செலவழிக்கும் நீரில் எங்கள் கேன்களையும் நிரப்பித் தந்தீர்கள். பறவைகள் குடிக்கும் நீரைப் பற்றிப் பேசிக்கொண்டே உங்கள் வீட்டு நீரைக் குடித்துத் தீர்த்திருக்கிறோம்!

கூட வந்த வனக்காவலர்களுக்கும், புதிதாக மின்கம்பி இழுத்த பாதைகளை ஒவ்வொன்றாகக் காட்டிய ஜீப் ஓட்டுநருக்கும் நன்றி. இங்கே வாழும் பெரிய பறவையான கானமயிலுக்கு நேர் எதிரே பார்வை குறைவு, கனத்த உடம்பு. கம்பியைக் கண்டு சட்டென விலக அதனால் முடியாது. அந்தப் பாதைகளையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டோம்.

தேர்ந்த தோபாக்களின் பெயர்களை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. கேமராவோடு ஜீப்கள் வந்து குவிந்தால் பறவை தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிடும்.

ஹோலி முடிந்ததும் வருகிறோம். அதற்குள் எந்தத் தோபாவாவது வற்றினால் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள், நாளைக் குறித்துக்கொள்வார்.

பணிவுடன்,
உங்கள் சிடியாவாலா (பறவைக்காரன்)